மூன்று வயதுக் கைக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

[காட்சி: ஒரு மேசை. அருகருகே இரண்டு காகித வண்ணத்துப்பூச்சிகள். ஒன்று அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. மற்றதில் பசை வழிந்திருக்கிறது, ஓர் இறக்கை தலைகீழாக ஒட்டியிருக்கிறது.]

குரல்: வணக்கம். இந்த இரண்டில் நான்கு வயதுக் குழந்தை செய்தது எது என்று கேட்டால் பார்த்தவுடனே சொல்லிவிடுவீர்கள். முதல் வண்ணத்துப்பூச்சியைப் பெரியவர் வரைந்து, பெரியவர் வெட்டி, பெரியவரே ஒட்டியிருக்கிறார். கடைசியில் கண் வைக்க மட்டும் குழந்தையைக் கூப்பிட்டிருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அரைமணி நேரத்தில் குழந்தையின் கைக்குக் கிடைத்த வேலை இரண்டு பொட்டு ஒட்டியது மட்டும். இரண்டாவதில் குழந்தை வெட்டியிருக்கிறது, பசை தடவியிருக்கிறது, தூக்கிப் பார்த்து மறுபடி அழுத்தியிருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

3 முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கான விளையாட்டுகளையும் கைவேலைகளையும் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். எதை எடுத்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் குழந்தையின் கை எவ்வளவு நேரம் வேலை செய்கிறது?

[காட்சி: ஒரு சின்னக் கை கிரையானை முஷ்டியால் பிடித்துக் கிறுக்குகிறது. அடுத்து, கொஞ்சம் பெரிய கை மூன்று விரலால் பிடித்து வரைகிறது.]

குரல்: கை ஏன் இவ்வளவு முக்கியம்? சின்னக் குழந்தை வரையும்போது கவனித்துப் பாருங்கள். முதலில் தோளிலிருந்து முழுக் கையும் அசையும். பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு. விரல்கள் தனியாக வேலை செய்யப் பழகுவது எல்லாவற்றுக்கும் பிறகுதான். பொதுவாக 3 வயதில் வட்டம் வரும், 4 வயதை ஒட்டிக் கூட்டல் குறி வரும், சதுரம் அதற்கும் பிறகு. முக்கோணத்தின் சாய்ந்த கோடு 5 வயது வரை பல குழந்தைகளுக்குப் பிடிபடாது. இதில் சில மாதங்கள் முன்னே பின்னே இருப்பது சகஜம். அதனால் மூன்று வயதில் பென்சிலைக் கொடுத்து எழுத்தின் மேல் எழுத வைப்பதைவிட, விரலுக்குப் பலம் தரும் வேலைகளைக் கொடுப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

இது புது யோசனை இல்லை. 1837-ல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல் சின்னக் குழந்தைகளுக்காக ஓர் இடம் தொடங்கினார். 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். மரக்கட்டைகள், காகித மடிப்பு, காகிதப் பின்னல், களிமண் எல்லாம் அங்கே பாடத்தின் நடுவிலேயே இருந்தன. கைவேலையைப் பொழுதுபோக்காக அவர் ஒதுக்கி வைக்கவில்லை.

[காட்சி: பழைய செய்தித்தாள். இரண்டு சின்னக் கைகள் அதைக் கிழிக்கத் தொடங்குகின்றன. நெருக்கத்தில்.]

குரல்: சரி, முதல் வேலைக்கு வருவோம். காகிதம் கிழிப்பது.

பழைய செய்தித்தாளில் ஒரு தாளைக் கொடுங்கள். தொடக்கத்தில் குழந்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும். தாள் கிழியாது. இரண்டு கட்டைவிரலும் ஒன்றையொன்று தொடும்படி விளிம்பைப் பிடித்து, ஒரு கையை முன்னாலும் இன்னொரு கையைப் பின்னாலும் கொண்டுபோக வேண்டும். இதை வாயால் விளக்க வேண்டாம். உங்கள் கையில் ஒரு தாளை எடுத்து, மெதுவாக, பேசாமல் செய்து காட்டுங்கள். ஓரத்தில் நீங்களே சின்னதாக ஒரு கிழிசல் போட்டுக் கொடுத்தால் தொடங்குவது சுலபமாக இருக்கும்.

இதில் ஒரு ரகசியம் உண்டு. செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் கோடு போட்டதுபோல் நேராக வரும். அதற்குக் குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். காகிதத்தின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதுதான் காரணம். இதை முன்னாடியே சொல்லிவிடாதீர்கள். இரண்டு விதமாகவும் கிழித்துப் பார்க்க விடுங்கள். "ஏன் இந்தப் பக்கம் மட்டும் நேரா வருது?" என்று குழந்தையே கேட்கும் நாள் வரும்.

கிழித்த நாடாக்களை என்ன செய்யலாம்? கசக்கி உருண்டையாக்கிக் கூடையில் எறியலாம். கசக்கும்போது ஒரே கையால் கசக்கச் சொல்லுங்கள். உள்ளங்கைக்கு நல்ல பயிற்சி. பெரிய அட்டையில் பசை தடவி, கிழித்த துண்டுகளை இஷ்டப்படி ஒட்டலாம். மீனாகவோ மரமாகவோ ஆகாவிட்டாலும் பரவாயில்லை.

[காட்சி: ஒரு கிண்ணத்தில் மாவு, உப்பு, எண்ணெய், தண்ணீர். குழந்தை கரண்டியால் கலக்கிறது.]

குரல்: அடுத்து, பிசைந்து உருவங்கள் செய்யும் ப்ளே டோ மாவு. 1956-ல் பொம்மையாக விற்பனைக்கு வந்த ப்ளே டோ, அதற்கு முன்பு சுவரில் ஒட்டிய காகிதத்திலிருந்து கரியைத் துடைக்கும் பொருளாக விற்கப்பட்டது. சிறு குழந்தைகளின் வகுப்பில் அதை உருட்டி விளையாடக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் அது பொம்மையானது.

வீட்டிலேயே செய்வதற்கு அளவு இதுதான். மைதா அல்லது கோதுமை மாவு 2 கப், தூள் உப்பு 1 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி. தண்ணீரை முக்கால் கப்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கையில் ஒட்டினால் ஒரு கரண்டி மாவு, வெடித்தால் சில துளி தண்ணீர். கலக்கும் வேலையும் குழந்தைக்கே. கப்பில் மொண்டு, விளிம்போடு தட்டி, கொட்டி, எண்ணுவதிலேயே அளவும் எண்ணிக்கையும் வந்துவிடுகின்றன. காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்தால் சில நாட்களுக்கு நன்றாக இருக்கும். வாடை மாறினாலோ பூஞ்சை தெரிந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இது தின்பதற்கு இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பச்சை மாவில் நோய்க்கிருமிகள் இருக்கலாம், உப்பும் மிக அதிகம். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். இவ்வளவு உப்பு நாய்க்கு விஷம்.

அச்சுகளை முதல் நாளே எடுத்துக் கொடுக்க வேண்டாம். அச்சு வந்துவிட்டால் குழந்தை அழுத்தி எடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. வெறும் மாவு இருந்தால் உருட்டும், பாம்பாக நீட்டும், கிள்ளும், குத்தும், துளை போடும். கிள்ளுவதற்குத் தேவைப்படும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் பின்னாளில் பென்சிலையும் பிடிக்கப் போகின்றன.

[காட்சி: மாவுப் பாம்பை ஒரு குழந்தை முனை மழுங்கிய கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டுகிறது.]

குரல்: அந்த மாவுப் பாம்பையே கத்தரிக்கோல் பழகவும் பயன்படுத்தலாம். காகிதம் வளையும், நழுவும். மாவு நழுவாமல் நின்று வெட்டுப்படும். மாவில் பழகியபின் கொஞ்சம் தடித்த காகிதத்தை இரண்டு விரல் அகல நாடாவாக வெட்டிக் கொடுங்கள். ஒரே 'டக்'கில் துண்டு விழ வேண்டும். தடித்த தாள்தான் தொடக்கத்துக்குச் சுலபம், மெல்லிய தாள் கத்திகளுக்கு நடுவே மடிந்துகொள்ளும்.

கட்டைவிரல் மேலே பார்த்திருக்க வேண்டும். பாதம் தரையிலோ ஒரு பலகையிலோ பதிந்திருக்க வேண்டும், கால் தொங்கினால் கையும் நிலைகொள்ளாது. இடதுகைக் குழந்தையாக இருந்தால் இடதுகைக்கென்றே செய்த கத்தரிக்கோல் வாங்குங்கள். வலதுகைக் கத்தரிக்கோலை இடதுகையில் பிடித்தால் வெட்டும் இடம் கத்திக்குப் பின்னால் மறைந்துவிடும். நாம் அதைக் குழந்தையின் தடுமாற்றம் என்று நினைத்துக்கொள்வோம்.

இன்னொன்று, கிரையான் உடைந்தால் தூக்கிப் போடாதீர்கள். நீளமான கிரையானை முஷ்டியால் பிடிக்க முடியும், குட்டைத் துண்டை விரல் நுனியால் மட்டும்தான் பிடிக்க முடியும். பொருளை வாயில் வைக்கும் பழக்கம் போன குழந்தைக்கு அந்தத் துண்டைக் கொடுத்து, சுவரில் ஒட்டிய பெரிய தாளில் வரைய விடுங்கள்.

[காட்சி: குழந்தை பெரிய தாளில் நீல வண்ணம் பூசுகிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்.]

குரல்: இப்போது நம் பங்கைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

1973-ல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் சேர்ந்து செய்தது. ஸ்கெட்ச் பேனாவால் வரைய ஏற்கெனவே ஆசை உள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்கு முன்னால் எதுவும் சொல்லாமல் கடைசியில் அதே சான்றிதழ். மூன்றாவது குழுவுக்குப் பரிசே கிடையாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாத விளையாட்டு நேரத்தில் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசு தருவதாகச் சொல்லப்பட்ட குழந்தைகள், மற்றக் குழுக்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்துகொண்டிருந்த ஒன்று கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது.

ஸ்டிக்கர், சாக்லேட், "முடிச்சா போன் தர்றேன்" எல்லாவற்றையும் இந்த வேலைகளிலிருந்து தள்ளி வையுங்கள். அப்படியானால் என்ன சொல்வது? பார்த்ததைச் சொல்லுங்கள். "இந்த ஓரத்தில் நிறைய நீலம் போட்டிருக்கே." "இது சுத்திச் சுத்திப் போகுதே." அவ்வளவு போதும். "இது என்னது?" என்று கேட்டால் குழந்தை ஒரு பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வண்ணம் எப்படி வழிகிறது என்று பார்க்க மட்டுமே அது பூசியிருக்கலாம்.

மாதிரி ஒன்றைச் செய்து முன்னால் வைக்கவும் வேண்டாம். நம்முடையதைப் பார்த்ததும் "எனக்கு வரல, நீயே செஞ்சு கொடு" என்று குழந்தை தாளைத் தள்ளிவிடுவதை அடிக்கடி பார்க்கலாம். பசையை எப்படிப் பிழிவது, தூரிகையை எப்படி வழிப்பது என்று செய்முறையை மட்டும் காட்டுங்கள்.

[காட்சி: தட்டில் இரண்டு சிறிய ஜாடிகள். ஒன்று அகலம், ஒன்று ஒல்லி. குழந்தை ஒன்றிலிருந்து மற்றதில் தண்ணீர் ஊற்றுகிறது.]

குரல்: தண்ணீருக்கு வருவோம். 1907-ல் ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர் மரியா மாண்டிசோரி. அவர் முறையில் நடக்கும் வகுப்புகளில் ஜாடியிலிருந்து ஜாடிக்கு ஊற்றுவது ஒரு வேலையாகவே இருக்கிறது. விளிம்போடு ஒரு தட்டு, குழந்தையின் கைக்கு அடங்கும் இரண்டு ஜாடிகள், சிந்தியதைத் துடைக்க ஒரு பஞ்சு (ஸ்பாஞ்ச்). இவ்வளவுதான் தேவை.

அகலமான டம்ளரில் இருப்பதை ஒல்லியான உயரமான டம்ளரில் ஊற்றிவிட்டு, "இப்போ தண்ணி கூடிடுச்சா, அதே அளவுதானா?" என்று கேட்டுப் பாருங்கள். கூடிவிட்டது என்றே பெரும்பாலான நான்கு வயதுக் குழந்தைகள் சொல்வார்கள். உயரத்தை மட்டுமே பார்க்கும் வயது அது. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ஜீன் பியாஜே விரிவாக எழுதிய விஷயம் இது. 6, 7 வயதில் தானாகத் தெளிவாகிவிடும். திருத்த வேண்டாம், மறுபடி ஊற்றிப் பார்க்க விடுங்கள்.

எண்ணெய்க் களிமண் (உருவங்கள் செய்யக் கடையில் விற்கும், தண்ணீரில் கரையாத களிமண்) ஓர் உருண்டை கொடுத்தால் இன்னொரு விளையாட்டும் உண்டு. உருண்டையாகப் போட்டால் மூழ்கும். அதே களிமண்ணைக் கிண்ணமாகக் குழித்து மெதுவாக வைத்தால் மிதக்கும். நாம் செய்த உப்பு மாவு இதற்கு ஆகாது, கரைந்துவிடும்.

தண்ணீர் விளையாட்டில் பக்கத்திலேயே இருங்கள். 5 சென்டிமீட்டர் ஆழம்கூடச் சின்னக் குழந்தைக்கு ஆபத்துதான். முடிந்ததும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள்.

[காட்சி: பாட்டில் மூடிகள், துணிக் கிளிப்புகள், காலுறைகள் கலந்து கிடக்கின்றன.]

குரல்: எண்ணிக்கைக்கு அட்டையும் எண் படமும் தேவையில்லை. துவைத்த காலுறைகளை ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு தட்டு வைக்கச் சொல்லுங்கள். ஐந்து மூடிகளை எண்ணி முடித்த குழந்தையிடம் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், பலர் முதலிலிருந்து மறுபடி எண்ணுவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். அடிக்கடி எண்ண வாய்ப்புக் கிடைத்தால் அதுவும் வந்துவிடும்.

சின்னப் பொருட்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 3.17 சென்டிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது. அண்ணன் அக்கா விளையாடும்போது தம்பி தங்கை தவழ்ந்து வருவார்கள் என்பதை மறக்காதீர்கள். பட்டன் பேட்டரி, சின்னக் காந்தம், தண்ணீரில் ஊறி வீங்கும் ஜெல் மணிகள் மூன்றும் எந்த விளையாட்டிலும் வேண்டாம். ஊதாத பலூனும் அப்படித்தான்.

[காட்சி: ஈரமான டிஷ்யூ காகிதத்தில் கறுப்பு மை மெல்லப் பரவி நீலமாகவும் சிவப்பாகவும் பிரிகிறது.]

குரல்: ஐந்து வயதை நெருங்கும் குழந்தைகளுக்கு இது பிடிக்கும். டிஷ்யூ காகித நாடாவில், அடியிலிருந்து இரண்டு விரல் மேலே, தண்ணீரில் கரையும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. நாடாவின் அடி மட்டும் தண்ணீரில் தொடட்டும். தண்ணீர் ஏற ஏற, கறுப்புக்குள் கலந்திருந்த நிறங்கள் தனித்தனியாகப் பிரியும். பேனாவுக்குப் பேனா வேறு வேறு நிறம் வரும். அழியாத மை என்றால் நடக்காது.

[காட்சி: குழந்தை ஈரப் பஞ்சைப் பிழிந்து மேசையைத் துடைக்கிறது.]

குரல்: கடைசியாக, நேரம். ஐந்து நிமிடத்தில் எழுந்து போனாலும் போகட்டும், கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பொருள், இரண்டு மூன்று நிறம் போதும். எல்லாவற்றையும் பரப்பினால் எதிலும் கை நிற்காது. சுத்தம் செய்வதையும் குழந்தையிடமே விடுங்கள். பஞ்சைப் பிழிவதில் மாவு பிசைவதற்குச் சமமான வேலை விரல்களுக்கு இருக்கிறது. செய்த தாளின் பின்பக்கம் தேதியைப் பென்சிலால் எழுதி ஒரு கோப்பில் வையுங்கள். முன்பக்கம் குழந்தையுடையது, அதில் நாம் எதுவும் எழுத வேண்டாம்.

நாளைக்கே தொடங்குவதென்றால் செய்தித்தாளிலிருந்து தொடங்குங்கள். மாவுக்கு வேண்டியதை வார இறுதிக்குள் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.