தரை யாருக்கு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எப்போது முடியும், எப்போது சுண்டல் வரும் என்று பொறுமையாகக் காத்திருக்கும் தாம்பரத்துப் பெருமக்களே, வணக்கம்.

'தாம்பரத்தின் மையப் பகுதி சீராக முதலில் வேண்டியது வண்டிகளுக்கு வழியா, நடப்பவர்களுக்கு வழியா?' இதுதான் தலைப்பு. நடப்பவர்களுக்கே என்பது எங்கள் கட்சி. எதிரணியில் முதலில் பேசிய ஐயா சாலையை அகலப்படுத்தச் சொன்னார். அடுத்து வந்த அம்மா பார்க்கிங் கட்டச் சொன்னார். மூன்றாவதாக வந்த தம்பி, மேற்குத் தாம்பரத்தின் கடைத்தெருவான சண்முகம் சாலையில் தரைக்கடைகளைத் தூக்கினாலே பாதி நெரிசல் போய்விடும் என்றார். மூவரும் நன்றாகப் பேசினார்கள். கைதட்டலைப் பார்த்து, நாமும் அந்தப் பக்கமே போய்விடலாமா என்று எனக்கே ஒரு சபலம் வந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த மையத்துக்கு வருகிறவர் யார், இதைத் தாண்டிப் போகிறவர் யார்? சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டுக்குப் போகிற காருக்குத் தாம்பரம் என்பது ஒரு சிக்னல், அவ்வளவுதான். அதில் உட்கார்ந்திருப்பவர் இங்கே ஒரு கட்டுக் கீரை வாங்கப் போவதில்லை. 1931-ல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் தாம்பரம் வரைக்கும் வந்தது. அதற்கப்புறம் இந்த ஊர் ரயிலடியைச் சுற்றித்தான் வளர்ந்தது. ரயிலில் இறங்குகிறவர் கையில் ஸ்டியரிங் கிடையாது. பஸ்ஸில் இறங்குகிறவர் கையிலும் கிடையாது. காரிலேயே வந்தவரும் கதவைத் திறந்து காலை வெளியே வைத்த நொடியில் எங்கள் கட்சிக்கு வந்துவிடுகிறார்!

சாயங்காலம் ஆறரை மணிக்கு ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் இறங்கி மேற்குப் பக்கம் வந்து பாருங்கள். ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை என்று ஓர் அம்மா நடக்கிறார். நடைபாதை தொடங்கும் இடமே முழங்கால் உயரம். ஏறுகிறார். பத்தடி தள்ளி ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இறங்குகிறார். மறுபடி ஏறினால் நாலு பைக் சாய்த்து நிறுத்தியிருக்கிறது. அதைத் தாண்டினால் கால்வாய் மூடி ஒன்று உடைந்து, உள்ளே யாரும் விழக்கூடாது என்று எந்தப் புண்ணியவானோ ஒரு வேப்பங்கிளையை நட்டுவைத்திருக்கிறார். திரும்பவும் தெருவில் இறங்கினால் முதுகுக்குப் பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன். மூட்டுவலிக்காரர் இந்த வித்தையெல்லாம் செய்ய முடியுமா? அதனால் அவர் நடைபாதைப் பக்கமே போவதில்லை, தார்ச் சாலை ஓரமாகவே நடக்கிறார். அவரைப் பார்த்துத்தான் ஐயா சொன்னார், "ஜனங்களுக்கு ரோட்டில் நடக்கத் தெரியவில்லை" என்று.

ஜனங்களுக்குத் தெரியும் ஐயா. கட்டியவர்களுக்குத்தான் தெரியவில்லை. நடப்பவர்களுக்கான வசதிகள் எப்படி இருக்க வேண்டும் என்று, சாலைகளுக்குத் தர நெறிகள் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வழிகாட்டி நெறியே வெளியிட்டிருக்கிறது. நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது அரையடி. குறுக்கே கம்பம், பலகை எதுவும் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரும் புதிருமாகப் போகிற அளவு. கடைத்தெரு என்றால் அதற்கும் மேல். நாம் ஒன்றும் சிங்கப்பூரைக் கேட்கவில்லை, நம் நாட்டுப் புத்தகத்தில் இருப்பதைத்தான் கேட்கிறோம்.

சரி, சாலையை அகலப்படுத்தினால்? இதே ஜிஎஸ்டி சாலையில் இரும்புலியூருக்குத் தெற்கே எட்டு வழிச்சாலையே போட்டாகிவிட்டது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி அங்கே வண்டி நகர்ந்ததா? 2023 டிசம்பர் கடைசியில் வெளியூர் பஸ்களுக்கென்று கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் திறந்துவிட்டார்கள். அப்புறமும் ஐயா நெரிசல் என்றுதான் பேச வேண்டியிருக்கிறது. சாலை அகலமாக ஆக, கூட நாலு வண்டி வருகிறதே தவிரக் குறைவதாகத் தெரியவில்லை.

பார்க்கிங் கேட்ட அம்மாவுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு கார் நிற்க ஐந்து மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் வேண்டும். கிட்டத்தட்ட 130 சதுர அடி. ஆறடிக்கு நாலடி கொடுத்தால் அதே இடத்தில் ஐந்து பேர் கடை போட்டுக் குடும்பம் நடத்துவார்கள். காரோ, முதலாளி சினிமா பார்த்துவிட்டு வரும் வரை மூன்று மணி நேரம் சும்மா நிற்கும். பார்க்கிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் நடுவில், அதுவும் இலவசமாக வேண்டாம் என்கிறேன்.

இப்போது தம்பியிடம் வருகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் வருகிறேன். தரைக்கடையைத் தூக்கு என்று இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். கருவேப்பிலை, பூ, வெள்ளரிப்பிஞ்சு, பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லிக் கட்டு, இதையெல்லாம் வேலை முடிந்து வருகிறவர் ரயிலடியிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியிலேயே வாங்குவதால்தான் அந்த வியாபாரம் நடக்கிறது. அந்தப் பூக்கார அம்மாவைக் கொண்டுபோய் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் உட்காரவைத்தால், ஒரு முழம் பூவுக்கு யார் தம்பி மாடி ஏறுவார்கள்? நீங்கள் ஏறுவீர்களா?

சட்டமும் தம்பி பக்கம் இல்லை. 2014-ல் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் நிறைவேற்றியது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. எங்கே கடை போடலாம் என்பதில் கருத்துச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். ஆகவே தூக்குவது பேச்சுக்கே இடமில்லை. கோடு போட்டு, நடக்கிற ஆறடியை விட்டு, வரிசையாக உட்காரவைக்கலாம். பாதி நெரிசல் இவர்களால் என்று தம்பி சொன்னாரே, கூடையை ஓரமாகத் தள்ளு என்றால் அரை நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள். டபுள் பார்க்கிங் போட்டுவிட்டுப் போன காரைத் தள்ளச் சொல்லுங்கள் பார்ப்போம்!

தியாகராய நகர் பாண்டி பஜாரை வைத்து எங்களை மடக்கலாம் என்று எதிரணி ஒரு துருப்புச் சீட்டு வைத்திருப்பது எனக்குத் தெரியும். அதை நானே எடுத்துவிடுகிறேன். தியாகராய நகரும் 1920-களில் புறநகராகத் திட்டமிட்டு உருவானதுதான். அங்கே பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். அதற்கு முன்னாலேயே தடுப்பு வைத்துச் சில நாட்கள் சோதித்தும் பார்த்தார்கள். வியாபாரம் போய்விடும் என்று பயந்த கடைக்காரர்களும் உண்டு. இன்றைக்கு சாயங்காலம் போனால் பெஞ்சில் தாத்தா பாட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஆமாம், நடைபாதை மேல் பைக்கும் ஏறுகிறது, சில இடங்களில் கல் பெயர்ந்தும் கிடக்கிறது. பராமரிக்கத் தெரியாததற்குத் திட்டம் என்ன செய்யும்?

அதே தி.நகரில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். மழைக்கு நல்லது, மறுக்கவில்லை. ஜிஎஸ்டி சாலை மாதிரி நெடுஞ்சாலையைத் தாண்டவும் பாலம் வேண்டியதுதான். ஆனால் கடைத்தெருவிலும் அதுவே தீர்வு என்று இறங்கிவிடாதீர்கள். நடப்பவரை மாடிக்கு அனுப்பிவிட்டுத் தரையை வண்டிக்குப் பட்டா போட்டுக் கொடுக்கிற வேலை அது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிடம். எங்கள் அணி கேட்பது பெரிய செலவு இல்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சண்முகம் சாலையில் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திப் பாருங்கள். ஆம்புலன்ஸுக்கு மட்டும் வழி விடுங்கள், சரக்கு வண்டிகள் காலை பத்து மணிக்குள் வந்து போகட்டும். நாலாவது வாரம் ராத்திரி அங்கே உள்ள கடைக்காரர்களிடம் கல்லாவை எண்ணச் சொல்லுங்கள். வசூல் குறைந்திருந்தால் அடுத்த வருடம் இதே மேடையில் ஐயாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அகலப்படுத்து என்று நானே பேசுகிறேன். கூடியிருந்தால், தம்பி தன் பைக்கை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு அந்த அம்மாவிடம் நாலு முழம் பூ வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போக வேண்டும். சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.