காலை வரைக்கும் பொறுக்கலாமா, இப்பவே தூக்கிட்டு ஓடணுமா?

எல்லாருக்கும் வணக்கம். நாய், பூனை வளக்கறவங்க கேக்கற கேள்வி நூறு விதமா வரும். வாந்தி எடுத்துச்சு, சாப்பிடல, சோர்ந்து படுத்திருக்கு, மூச்சு வேகமா வாங்குது... ஆனா எல்லாத்துக்கும் அடியில இருக்கறது ஒரே கேள்விதான். காலை வரைக்கும் பொறுக்கலாமா, இல்ல இப்பவே டாக்டர்கிட்ட போகணுமா?

இதுக்குப் பதில் சொல்லணும்னா, உங்க பிராணி நல்லா இருக்கும்போது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அதனால இந்த வீடியோல முதல் பாதி, அது நல்லா இருக்கற நாள்ல நீங்க பாத்து எழுதி வெக்க வேண்டிய விஷயம். எழுதி வெச்சீங்கன்னா ரெண்டாவது பாதி உங்களுக்கு ரொம்ப சுலபம்.

முதல்ல மூச்சு. அசந்து தூங்கும்போதுதான் எண்ணணும். பக்கத்துல உக்காந்து நெஞ்சுக்கூட்டைப் பாருங்க. மேல ஏறி கீழ இறங்கினா அது ஒண்ணு. ஏறறது ஒண்ணு, இறங்கறது ஒண்ணுன்னு தனித்தனியா எண்ணிட்டு, அறுபது வருதேன்னு பயந்துடறவங்க நிறைய பேர். போன்ல 30 செகண்ட் டைமர் வெச்சு எண்ணி, ரெண்டால பெருக்குங்க. நாயோ பூனையோ, தூங்கும்போது நிமிஷத்துக்கு 30-க்குள்ள இருக்கணும். கனவு வரும்போது கால் உதறும், மீசை துடிக்கும், மூச்சும் தாறுமாறா போகும். அந்த நேரத்துல எண்ண வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு தடவை எண்ணி எழுதி வெச்சா போதும். வயசான நாய்க்கு, இதய நோய் இருக்கற பிராணிக்கு இது ரொம்ப முக்கியம். நுரையீரல்ல நீர் கோக்க ஆரம்பிக்கும்போது இருமல் வர்றதுக்கு முன்னாடியே இந்த எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சிடும். எப்பவும் 18, 20-னு இருந்தது 30-ஐத் தாண்டிடுச்சா? ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப எண்ணுங்க. அப்பவும் அதே மாதிரி இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட பேசுங்க.

ரெண்டாவது ஈறு. மேல் உதட்டை லேசா தூக்கி, கோரைப்பல்லுக்கு மேல பாருங்க. வெளிர் சிவப்பா, ஈரமா, வழவழன்னு இருக்கணும். விரலால ஒரு அழுத்து அழுத்தி விட்டுடுங்க. அந்த இடம் வெளுத்து, 2 செகண்டுக்குள்ள பழைய நிறத்துக்குத் திரும்பணும். அதுக்கு மேல ஆச்சுன்னா ரத்த ஓட்டம் சரியில்ல. சில நாய்க்கு ஈறே கறுப்பா இருக்கும். அதுக்கெல்லாம் கீழ் இமையை லேசா இழுத்து உள்பக்கம் பாருங்க.

நிறம் நிறைய சொல்லும். வெள்ளையா போச்சுன்னா எங்கயோ ரத்தம் போகுது, இல்ல ஷாக்ல, அதாவது ரத்த ஓட்டம் படுத்துப்போன நிலையில இருக்கு. நீலம்னா ஆக்சிஜன் பத்தல. மஞ்சள்னா கல்லீரலோ சிவப்பணுவோ பாதிச்சிருக்கு. செங்கல் நிறத்துல இருந்தா வெப்பத் தாக்கு, இல்ல கடுமையான தொற்று. இதுல எதுக்கும் காலை வரைக்கும் காத்திருக்காதீங்க. விரல் வெக்கும்போது பிசுபிசுன்னு ஒட்டுச்சுன்னா உடம்புல நீர் குறைஞ்சிருக்கு. தோள்கிட்ட தோலை இழுத்து விட்டுப் பாக்கற முறையும் இருக்கு, ஆனா வயசான பிராணிக்கும் ரொம்ப மெலிஞ்சதுக்கும் அது தப்பா காட்டும். ஈறுதான் நம்பகமானது.

மூணாவது சூடு. மூக்கு காய்ஞ்சிருந்தா காய்ச்சல்னு சொல்றதை நம்பாதீங்க. தூங்கி எழுந்தா நிறைய நாய்க்கு மூக்கு காய்ஞ்சுதான் இருக்கும். அதுக்குன்னு தனியா ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வெச்சுக்கோங்க. முனையில வாஸ்லின் தடவி, ஆசனவாய்க்குள்ள சுமார் 2 சென்டிமீட்டர், நேரா போட்டுத் திணிக்காம, ஒரு பக்கச் சுவரை ஒட்டினாப்ல வைங்க. மலத்துக்குள்ள குத்தி நின்னா குறைவா காட்டும். 101-லருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரைக்கும் சாதாரணம். நம்ம உடம்புச் சூட்டை விட அதிகம்தான், அதனால தொட்டுப் பாத்தா எப்பவுமே சூடாதான் தெரியும். 104 தாண்டினா அன்னைக்கே போகணும். 106 வந்துடுச்சுன்னா அந்த நிமிஷமே குழாய்த் தண்ணியை உடம்பு பூரா ஊத்தி, ஃபேனைப் போட்டு, சூட்டை இறக்க ஆரம்பிச்சிட்டு அப்புறம் கிளம்புங்க. 103-க்கு வந்ததும் ஊத்தறதை நிறுத்திடணும், இல்லேன்னா ரொம்ப இறங்கிடும். நோயில கிடக்கற பிராணிக்கு 99-க்குக் கீழ போனாலும் ஆபத்துதான். நிறைய பேர் மேல போறதை மட்டும்தான் பாக்கறாங்க.

அப்புறம் எடை. பிராணியைத் தூக்கிட்டு நீங்க எடை மெஷின்ல ஏறி நில்லுங்க, அப்புறம் நீங்க மட்டும் நில்லுங்க, கழிச்சிடுங்க. மாசம் ஒரு தடவை போதும். 4 கிலோ பூனைக்கு 400 கிராம் குறைஞ்சா அது பத்து சதவீதம். ரோமத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாது, எண்ணுல தெரியும்.

சரி, இப்ப கேள்விகளுக்கு வரேன். ஆண் பூனை வெச்சிருக்கறவங்க இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. இந்த ஒரு விஷயத்துல தாமதத்தால போற உயிர் ரொம்ப அதிகம்.

"என் பூனைக்கு மலச்சிக்கல்னு நினைக்கறேன், லிட்டர் பாக்ஸ்ல போய் போய் முக்குது." இப்படித்தான் ஆரம்பிக்கும். அது மலத்துக்கு முக்குதா, சிறுநீருக்கு முக்குதான்னு பாத்தவுடனே சொல்ல முடியாது. ரெண்டுக்கும் குந்தற விதம் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆண் பூனைக்கு சிறுநீர்க்குழாய் ரொம்பக் குறுகல். சின்னச் சின்ன படிகமும் சளி மாதிரி ஒரு பொருளும் சேந்து அடைச்சுக்கும். அடைச்சா சிறுநீர் பின்னாடி தேங்கும், கிட்னி வேலையை நிறுத்தும், ரத்தத்துல பொட்டாசியம் ஏறும். அந்தப் பொட்டாசியம்தான் இதயத்தை நிறுத்தும். முழுசா அடைச்சிட்டா ஒண்ணு ரெண்டு நாள்ல உயிர் போயிடலாம்.

எப்படித் தெரிஞ்சுக்கறது? கட்டி பிடிக்கிற மணல் போடறவங்களுக்கு சுலபம். தினமும் அள்ளும்போது சிறுநீர்க் கட்டி எத்தனைன்னு எண்ணுங்க. சாதாரணமா ஒரு நாளைக்கு ரெண்டுலருந்து நாலு கட்டி, அதுவும் நல்ல பெருசா இருக்கும். இன்னைக்கு சுண்டைக்காய் அளவுக்கு ஏழெட்டு கட்டி, இல்ல கட்டியே இல்லன்னா, பூனை பெட்டிக்குப் போய் போய் வருது, குந்தி உக்காந்து கத்துது, பின்பக்கத்தை நக்கிட்டே இருக்குன்னா, அது மலச்சிக்கல் இல்லன்னு வெச்சுக்கிட்டே கிளம்புங்க. கூடவே வாந்தியும் எடுத்து ஒளிஞ்சுக்கிட்டா நிலைமை முத்திடுச்சுன்னு அர்த்தம். வயித்தை அமுக்கிப் பாக்காதீங்க, நிறைஞ்ச சிறுநீர்ப்பை கிழிஞ்சிடலாம். விளக்கெண்ணெய், மலமிளக்கி எதுவும் குடுக்காதீங்க. மயக்க மருந்து குடுத்து கதீட்டர்ங்கற மெல்லிசான குழாயைப் போட்டுதான் அடைப்பை எடுக்கணும். வீட்டுல செய்யக்கூடியதுன்னு இதுல ஒண்ணுமே கிடையாது.

எடுத்ததுக்கு அப்புறமும் திரும்ப வர வாய்ப்பு உண்டு. அதனால ஈர உணவுக்கு மாத்தறது நல்லது. ஈர உணவுல முக்கால் பங்குக்கு தண்ணிதான், உலர் உணவுல பத்து சதவீதம்தான். லிட்டர் பாக்ஸ் எத்தனைன்னா, பூனை எண்ணிக்கையை விட ஒண்ணு அதிகம்.

அடுத்தது, சாப்பிடல. வளந்த நாய், தண்ணி குடிக்குது, வால் ஆட்டுது, வாந்தி இல்லன்னா ஒரு நாள் பொறுத்துப் பாக்கலாம். பூனைக்கு அந்தச் சலுகை இல்ல. பூனை ஒரு நாள் முழுக்க எதையும் தொடலேன்னா டாக்டர்கிட்ட பேசுங்க, ரெண்டு நாள்னா நேர்லயே போங்க. குண்டுப் பூனைக்கு இன்னும் அவசரம். பட்டினி கிடந்தா உடம்புல இருக்கற கொழுப்பு மொத்தமா கல்லீரலுக்கு வந்து குவியும், கல்லீரலால சமாளிக்க முடியாது. எந்தக் காரணத்துக்காக சாப்பிடாம விட்டுச்சோ, அதை விட இது பெரிய நோயாயிடும். முயல் வெச்சிருந்தா பன்னெண்டு மணி நேரம்தான் கணக்கு. அது சாப்பிடாம, புழுக்கையும் போடாம இருந்தா குடல் நின்னுட்டு இருக்குன்னு அர்த்தம்.

சாப்பிடலேங்கறதுக்காக சிரிஞ்ச்ல தண்ணியை எடுத்து வாய்க்குள்ள பீச்சாதீங்க. சோர்ந்த பிராணிக்கு விழுங்கற வேகம் இருக்காது. நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா ஆயிடும்.

வாந்திக்கு வரேன். முதல்ல அது வாந்திதானான்னு பாருங்க. வயிறு எக்கி எக்கி, குமட்டி வந்தா வாந்தி. எந்த முயற்சியும் இல்லாம, தலையைக் குனிஞ்சதும் சாப்பிட்டது அப்படியே உருளையா விழுந்தா அது வாந்தி இல்ல, எதுக்களிப்பு. உணவுக்குழாய்ல பிரச்சினை இருக்கலாம், இல்ல அவசரமா முழுங்கியிருக்கலாம். போன்ல ஒரு வீடியோ எடுத்துட்டீங்கன்னா டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

வளந்த நாய் ஒண்ணு ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டு சுறுசுறுப்பா இருந்தா, ஆறுலருந்து பன்னெண்டு மணி நேரம் சாப்பாட்டை நிறுத்துங்க. தண்ணியைக் கிண்ணம் நிறைய வைக்காம, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க. மொத்தமா குடிச்சா மொத்தமா திரும்ப வரும். தங்கிடுச்சுன்னா கொழுப்பு இல்லாத வேகவெச்ச கோழியும் சோறும், வழக்கமான அளவுல கால் பங்கு. குட்டிகளுக்கு இந்தப் பட்டினி வைத்தியம் கூடாது, சர்க்கரை சட்டுனு இறங்கிடும். தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் ரத்தப் பேதியும் சேந்து வந்தா பார்வோங்கற வைரஸ் நோயா இருக்கலாம். அதுக்கு ஒரு ராத்திரி தள்ளறதே அதிகம்.

பெரிய உடம்பு, ஆழமான நெஞ்சு இருக்கற நாய், கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி. குமட்டிக் குமட்டி ஒண்ணுமே வரல, வெறும் நுரைதான் வருது, வயிறு உப்பி டம்முனு இருக்கு, ஒரு இடத்துல நிக்க முடியாம தவிக்குது. இரைப்பை முறுக்கிக்கிட்டிருக்கலாம். இதுல மணிக்கணக்கு கூட இல்ல, நிமிஷக் கணக்கு. இந்த வீடியோவை அப்படியே நிறுத்திட்டுக் கிளம்புங்க.

பூனை வாயிலருந்தோ ஆசனவாயிலருந்தோ நூல் தொங்கினா இழுக்காதீங்க. மறுமுனை நாக்கு அடியில மாட்டியிருக்கும், இல்ல குடலுக்குள்ள இருக்கும். இழுத்தா அந்த நூலே குடலை அறுத்துடும். நீளமா இருந்தா தரையில இழுபடாத அளவுக்கு வெட்டி விட்டுட்டு கூட்டிட்டுப் போங்க.

இப்ப மருந்துப் பெட்டி. நமக்குக் காய்ச்சல் வந்தா போடற பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை உடைச்சு வெளியேத்தற சக்தி பூனைக் கல்லீரலுக்கு கிடையாது. ரத்தம் ஆக்சிஜனை எடுத்துட்டுப் போக முடியாம ஈறு பழுப்பா மாறும், முகமும் பாதமும் வீங்கும். ஒரே ஒரு மாத்திரை போதும் உயிரை எடுக்க. நாய்க்கு ஐபுப்ரோஃபென் குடுத்தா இரைப்பைல புண், அப்புறம் கிட்னி. வலியில இருக்கேன்னு பாசத்துல குடுக்கறதுதான், ஆனா தயவுசெஞ்சு குடுக்காதீங்க.

நாய்க்கு முதுகுல விடற உண்ணி மருந்து சிலதுல பெர்மெத்ரின் இருக்கும். அதுல மிச்சத்தை எடுத்து பூனைக்கு விட்டா நடுக்கம், வலிப்பு வரும். அட்டையைப் படிங்க. விட்டுட்டீங்கன்னா வெதுவெதுப்பான தண்ணியும் பாத்திரம் கழுவற சோப்பும் போட்டு நல்லா கழுவிட்டு உடனே போங்க. வலிப்பு ஆரம்பிச்சிட்டா கழுவிட்டு இருக்காதீங்க, முதல்ல போங்க.

எதையாவது தின்னுடுச்சு, சாக்லேட், திராட்சை, சைலிட்டால்ங்கற சர்க்கரை மாற்று போட்ட சூயிங்கம், எலி மருந்து, பூனைன்னா லில்லிப் பூ. இதுல எல்லாரும் செய்யற ஒண்ணு, "இன்னும் ஒண்ணும் ஆகலயே, பாத்துக்கலாம்"னு உக்காந்திருக்கறது. திராட்சைல கிட்னி பாதிப்பு தெரிய ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். சில வகை எலி மருந்துல ரத்தம் உறையாம போறது சில நாள் கழிச்சுதான் தெரியும். தின்ன ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனீங்கன்னா டாக்டரால வாந்தி எடுக்க வெச்சு வெளியே கொண்டுவர வாய்ப்பு அதிகம். நீங்களா உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்பே விஷமாயிடும். மண்ணெண்ணெய், ஆசிட் மாதிரி ஏதாவது உள்ளே போயிருந்தா வாந்தியே கூடாது. ஆசிட் வரும்போது இன்னொரு தடவை சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிடும்.

டாக்டருக்குப் போன் பண்ணும்போது "ரொம்ப டல்லா இருக்கு டாக்டர்"னு ஆரம்பிக்காம, எடை, வயசு, ஆணா பெண்ணா, கருத்தடை ஆயிடுச்சா, இப்ப மூச்சு எத்தனை, ஈறு என்ன நிறம், கடைசியா சாப்பிட்டது, சிறுநீர் போனது எப்போன்னு வரிசையா சொல்லுங்க. எதையாவது தின்னிருந்தா அந்தப் பாக்கெட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க. வாந்தியோ மலமோ இருந்தா ஒரு டப்பால எடுத்துக்கோங்க. அடிபட்ட நாய்னா, எவ்வளவு சாதுவா இருந்தாலும் வலியில கடிக்கும். பெட்ஷீட்டை விரிச்சு, அதுமேல மெதுவா நகர்த்தி, ரெண்டு பேரா ரெண்டு முனையைப் பிடிச்சுத் தூக்குங்க. பூனையோட கேரியரை பரண் மேல வைக்காம, கதவைத் திறந்து, உள்ள ஒரு துணியைப் போட்டு, அது எப்பவும் புழங்கற ரூம்லயே வெச்சிருங்க. அவசரத்துல அதைத் தேடி எடுக்கற நேரமும் மிச்சம், கேரியரைப் பாத்ததும் பூனை கட்டிலுக்கு அடியில ஓடறதும் இருக்காது.