சம்பளத்தை 22ஆல் வகுக்காதீர்கள்: நிரந்தர வேலையிலிருந்து ஒப்பந்த வேலைக்கு

[காட்சி: மேசையில் ஒரு சம்பளப் பட்டியல். பென்சில் முனை கடைசி வரியைத் தொடுகிறது.]

வணக்கம். கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில், மட்டக்களப்பு கல்லடியில் வீட்டிலிருந்தபடியே நிரந்தர ஊழியராக வேலை செய்த காலத்தில் எனக்கு வந்த சம்பளப் பட்டியலின் மாதிரிதான் இது. கணக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக, சம்பளத்தை 300,000 ரூபா என்று மாற்றியிருக்கிறேன். ஒப்பந்த வேலைக்கு மாறுவது என்று முடிவெடுத்த இரவு, இந்தத் தாளின் பின்பக்கத்தில் நான் போட்டது ஒரேயொரு வகுத்தல் கணக்கு. மாதச் சம்பளத்தை 22 வேலைநாட்களால் வகுத்தேன், 13,636 வந்தது. தாராளமாக இருக்கட்டும் என்று நாளுக்கு 15,000 ரூபா எனத் தீர்மானித்து வாடிக்கையாளருக்கு எழுதி அனுப்பிவிட்டு, வெற்றி பெற்றவனைப் போலத் தூங்கினேன். அந்தக் கணக்கு எங்கே பிழைத்தது என்பதைத்தான் இந்தக் காணொளியில் விளக்கப் போகிறேன்.

[காட்சி: பட்டியலின் நடுப்பகுதி பெரிதாகிறது.]

ஊழியர் சேமலாப நிதிக்கு நமது சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்படுவதை எல்லோரும் கவனிக்கிறோம். ஆனால் முதலாளி தன் பங்காகச் செலுத்தும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவரே செலுத்தும் 3 வீதமும் நம் கைக்கு வராததால், அவை நமது வருமானம் என்ற நினைப்பே நமக்கு இருப்பதில்லை. 300,000 ரூபா சம்பளத்துக்கு அவை மாதம் 45,000 ரூபா. ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் அரை மாதச் சம்பளம் என்று, வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையை மாதத்துக்குப் பங்கிட்டால் இன்னும் 12,500 ரூபா. ஆக, நிறுவனம் உங்களுக்காகச் செலவழிப்பது மாதம் 357,500 ரூபா, ஆண்டுக்கு 42 இலட்சத்து 90 ஆயிரம் ரூபா. ஒப்பந்தக்காரராக நீங்கள் தேட வேண்டிய தொகையும் அதுதான்.

இனி நாட்களுக்கு வருவோம். ஆண்டில் சனி, ஞாயிறு தவிர்த்தால் ஏறத்தாழ 261 நாட்கள் மிஞ்சும். போயாவும் பொங்கலும் பெருநாட்களும் சேர்ந்து, வார நாட்களில் விழும் விடுமுறைகளை 20 என்று வைத்துக்கொள்வோம். கடை, காரியாலயப் பணியாளர் சட்டம் தரும் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் உங்களுக்கும் தேவைதான், ஒப்பந்தக்காரருக்குக் காய்ச்சல் வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஓர் ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரையான இடைவெளிக்கு 30 நாட்களையும் கழித்தால், காசு வரக்கூடிய நாட்கள் 190 மட்டுமே. நான் கேட்ட 15,000 ரூபாவை 190ஆல் பெருக்கிப் பாருங்கள்: 28 இலட்சத்து 50 ஆயிரம். விட்டுவந்த வேலையின் வெறும் சம்பளமே 36 இலட்சம்!

[காட்சி: மழை பெய்யும் முற்றம். இன்வேட்டரின் பச்சை விளக்கு.]

இதற்கு மேல், முன்பு நிறுவனம் தந்த மடிக்கணினியை இனி நீங்களே வாங்க வேண்டும். மட்டக்களப்பில் மாரி காலத்தைக் கண்டவர்களுக்கு, இன்வேட்டரும் இரண்டாவது இணைய இணைப்பும் ஆடம்பரமல்ல என்பது தெரியும். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, நிரந்தர ஊழியராக இருந்த எனக்குச் சம்பளம் குறையவில்லை. நாட்கணக்கில் கூலி பெறுபவருக்கு அந்த நாள் போனது போனதுதான். இவற்றுக்கெல்லாம் ஆண்டுக்கு நான்கு இலட்சம் ஒதுக்கி, மொத்தமான 46 இலட்சத்து 90 ஆயிரத்தை 190ஆல் வகுத்தால், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 24,700 ரூபா வருகிறது. பழைய நிலையிலிருந்து கீழிறங்காமல் இருப்பதற்கே இந்த விலை தேவை.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேவையை வெளிநாட்டுக்கு வழங்கி, வெளிநாட்டு நாணயத்தில் உழைத்து, வங்கி மூலம் கொண்டுவரும் வருமானத்துக்கு இருந்த வரிவிலக்கு 2025 மார்ச்சுடன் முடிந்துவிட்டது. இப்போது ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணம் போக, முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதமும் மிகுதிக்கு 15 வீதமும் செலுத்த வேண்டும். உள்ளூர் நிறுவனத்திடமிருந்து மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் கட்டணம் பெற்றால், அவர்கள் 5 வீத நிறுத்திவைத்தல் வரியைக் கழித்துத் தருவார்கள். அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்தால் இறுதி வரியில் கழித்துக்கொள்ளலாம். முன்பு மாதந்தோறும் நிறுவனமே பார்த்துக்கொண்ட வேலையை, இனி ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே ஆகிய மாதங்களின் 15ஆம் திகதிகளில் நீங்களே செய்ய வேண்டும்.

[காட்சி: இன்வொய்ஸ் ஒன்று. திகதிக்குக் கீழே சிவப்புக் கோடு.]

இந்த இன்வொய்ஸ் எனது முதல் வாடிக்கையாளருக்கு அனுப்பியது. எத்தனை நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும் என்று இதிலும் இல்லை, ஒப்பந்தத்திலும் இல்லை. பணம் 60 நாட்களுக்குப் பிறகு வந்தது. நான் கோபப்பட்டுப் பயனில்லை, ஏனெனில் அவர்கள் எந்த வாக்கையும் மீறவில்லை. இப்போது நான் எழுதும் ஒப்பந்தங்களில் கட்டணத் திகதி, முடிவுறுத்தும் முன்னறிவித்தல் காலம், எழுதிய நிரலின் உரிமை எந்தக் கட்டத்தில் கைமாறும் என்பன முதற் பக்கத்திலேயே இருக்கும். உரிமை, பணம் வந்த பின்னரே கைமாறும்.

இன்னொரு வகை ஒப்பந்தம் குறித்து எச்சரிக்க விரும்புகிறேன். காலை ஒன்பதுக்கு வரவு பதிய வேண்டும், லீவுக்கு அனுமதி கேட்க வேண்டும், வேறு எவருக்கும் வேலை செய்யக்கூடாது என்றெல்லாம் நிபந்தனை விதித்துவிட்டு, சேமலாப நிதி மட்டும் கிடையாது, நீங்கள் ஒப்பந்தக்காரர் என்று சொல்லும் இடங்கள் உண்டு. அங்கே தாளில் என்ன தலைப்பு இருந்தாலும், வேலை உண்மையில் எப்படி நடக்கிறது, யாருடைய கட்டுப்பாட்டில் நடக்கிறது என்பதையே சட்டம் பார்க்கும். அப்படியொரு ஏற்பாடு உங்களுக்கு இரு பக்கத்து நட்டத்தையும் தருகிறது என்பது என் கருத்து.

வீட்டில் வரும் கேள்விகளுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அரசாங்க உத்தியோகமே உத்தியோகம் என்று வளர்ந்த ஊரில், "தம்பி இப்ப எங்க வேலை?" என்று களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த மாமா கேட்டபோது, வாடிக்கையாளர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கி, அவருடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். லீசிங் கம்பனிக்கு மட்டும் பதில் உண்டு: அவர்கள் கேட்கும் சம்பளப் பட்டியலுக்குப் பதிலாக, வங்கிக் கூற்றையும் வரி விபரத்திரட்டையும் காட்டலாம்.

[காட்சி: நாட்காட்டி. ஒரு திகதி வட்டமிடப்படுகிறது.]

இராஜினாமாக் கடிதம் எழுதும் முன் ஒரு திகதியைப் பாருங்கள். சேமலாப நிதி, வேலையை விட்டதும் கைக்கு வருவதல்ல. பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதாகும் வரை அது அங்கேயே இருக்கும். பணிக்கொடையோ, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் 5 ஆண்டுகளைப் பூர்த்தி செய்தவருக்குச் சட்டப்படி உரியது. நமது மாதிரிப் பட்டியலின் சம்பளத்தில், 5 ஆண்டுகளுக்கு அது 750,000 ரூபா. நீங்கள் வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டும் பத்து மாதமும் ஆகியிருந்தால், கடிதத்தை இன்னும் இரண்டு மாதம் மேசை லாச்சியிலேயே வைத்திருங்கள்.