பொருளுக்குப் பேர் வந்தாச்சு, ஆளுக்கு?

எல்லாருக்கும் வணக்கம். சாயங்கால வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், நானும் பலகாரக் கடைக்காரன்தான், அந்தக் கணக்கு எனக்கும் தெரியும், அதனால் சுற்றி வளைக்காமல் பேசிவிடுகிறேன்.

போன வாரம் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்கிற ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு அண்ணன் கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுகிறார். அச்சைத் தூக்கினால் ஒரு கலர் இன்னொன்றில் கலக்கவில்லை. எனக்கும் ஒன்று ஊற்றக் கொடுத்தார், பூ வரவேண்டிய இடத்தில் சாம்பார் கொட்டின மாதிரி வந்தது! அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையே கிடையாது, கண்ணாடி பட்ட முகம்தான் அந்தப் பளபளப்பு.

"அண்ணே, உதயம் பதிவு போட்டாச்சா?" என்றேன். "அதெல்லாம் கம்பெனிக்காரங்களுக்கு தம்பி" என்றார்.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இன்றைக்கு மைக்கைப் பிடித்திருக்கிறேன். உதயம் பதிவு என்பது நம்மைப் போலச் சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு மத்திய அரசு போட்டுத் தருகிற பதிவு, 2020 ஜூலையில் வந்தது. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும், கட்டணம் ஒரு பைசா இல்லை (இது தெரியாமல் நான் ஒருத்தரிடம் 1,500 ரூபாய் அழுதேன், இன்னும் வயிறு எரிகிறது). பதிவு இருந்தால், சரக்கு வாங்கினவர் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிற 2006ஆம் வருஷச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். இழுத்தடித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டுவட்டி. ஆனால் சரக்கு கொடுப்பதற்கு முன்னாலேயே பதிந்துவிடுவதுதான் பத்திரம். வாங்கி விற்கிற மளிகைக் கடைக்காரர்களும் 2021 முதல் பதியலாம், அவர்களுக்கு வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டும்தான், இந்த 45 நாள் கிடையாது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. பாதி வீடு பூட்டிக் கிடக்கிற நம் செட்டிநாட்டுத் தெருக்களில் ராத்திரி விளக்கு எரிவது பெட்டிக்கடையில்தான், தனியாக இருக்கிற ஆச்சிக்கு நெஞ்சு வலித்தால் ஆட்டோ பிடித்து ஏற்றிவிடுவதும் அந்தக் கடைக்காரர்தான்.

அப்புறம் புவிசார் குறியீடு, அதாவது ஒரு ஊருக்கே உரிய பொருள் என்று அரசு தருகிற அடையாளம். கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைத்தது, ஓலைக் கூடையான கொட்டானுக்கும் இருக்கிறது. சந்தோஷம், வெடி எல்லாம் வெடித்தோம். ஆனால் அந்தக் குறியீடு பொருளுக்குத்தான். தறியில் உட்காருகிறவரும், ஓலை கிழித்து விரலில் கீறல் வாங்கிக் கொட்டான் பின்னுகிற அக்காவும், அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று சென்னை கிண்டியில் இருக்கிற பதிவகத்தில் தங்கள் பேரைத் தனியாகப் பதியவேண்டும். இங்கே அப்படிப் பதிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

சரி, கையை விடுங்கள். அந்த மூலையில் மேஜை போட்டு இரண்டு காலேஜ் பிள்ளைகள் உங்களுக்குப் பதிவு போட்டுத்தர உட்கார்ந்திருக்கிறார்கள். ஆதாரும் பான் கார்டும், ஓடிபி வருகிற போனும், மறக்காமல் மூக்குக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு போங்கள். காசு கேட்கமாட்டார்கள். காத்திருக்கிறவர்களுக்குத் தேன்குழல் நம் கடையிலிருந்து.