என் மீசை ஏன் இப்படி இருக்கிறது?

வணக்கம் உறவுகளே. காணொளியைத் திறந்ததும் உங்கள் கண் என் மீசைக்குத்தான் போயிருக்கும். அதன் மேற்பாதி திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளிக் கடற்கரையில் போய்விட்டது.

அங்கே மூன்று நாள் நலவாழ்வு முகாம். யோகா, எண்ணெய்த் தேய்ப்பு, புறாத்தீவு, திமிங்கிலம் என எல்லாமே ஒரே கட்டணத்தில் அடங்கும் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். ஆனால், முதல்நாள் புறாத்தீவுக்குப் போக வள்ளத்தில் கால் வைக்கும்போது, நீருக்குள் பார்க்க மூக்கையும் மூடி அணியும் நீரடிக் கண்ணாடிக்குத் தனியாக 1,500 ரூபாய் கேட்டார்கள். தக்காளி விலைக்கே சண்டை பிடிக்கிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும்; கால் மணிநேரம் வாதாடியும் ஒரு சதம் குறையவில்லை.

அந்தக் கண்ணாடியோ தலையைத் தாழ்த்தியவுடன் மூக்கடியில் உப்புநீரை உள்ளே விட்டது. பட்டியை இறுக்கினேன், வேறொன்றை மாற்றினேன், அதுவும் ஒழுகியது. நான் கத்திக்கொண்டிருக்க, வள்ளக்காரத் தம்பி என் மீசையைப் பார்த்துச் சிரித்தார். கண்ணாடியின் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் நீர் ஏறாது, மூக்குக்குக் கீழே சிறிதளவு மழித்தால் போதும் என்றார். அன்றிரவே மழித்தேன். மறுநாள் என் சொந்தச் செலவில், நுழைவுச்சீட்டும் மறுபடி எடுத்து, அதே தம்பியோடு போனேன். அவர் தன் கண்ணாடியை இலவசமாகவே தந்தார். ஒரு துளி ஏறவில்லை, உறவுகளே!

கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில், 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இந்தப் புறாத்தீவில், இடுப்பளவு நீரிலேயே செட்டை நுனி கறுத்த சுறாக்கள் நம்மைச் சட்டை செய்யாமல் சுற்றித் திரிகின்றன. அழுங்காமை என்ற கடலாமை ஒன்று முருகைக்கல்லை, அதாவது உயிருள்ள பவளப்பாறையை, கொறித்துக்கொண்டிருந்தது. அதே கல்லின்மேல் ஏறி நின்று படம் எடுத்த ஒருவரைக் கண்டபோதுதான், யோகா தந்த அமைதியெல்லாம் எனக்குப் பறந்துபோனது.

மூன்றாம் நாள் விடியலில் திமிங்கிலம். திருகோணமலையில் ஆழ்கடல் கரைக்கு மிக அருகிலேயே தொடங்குவதால், பருவகாலத்தில் கோணேசர் கோயில் மலையிலிருந்தே சிலர் அதைக் கண்டிருக்கிறார்கள். நாங்கள் கண்ட நீலத்திமிங்கிலம் இரண்டு முறை நீரைப் பீய்ச்சிவிட்டு, வாலைத் தூக்கி ஆழத்துக்குள் இறங்கியது. வள்ளத்தில் ஒருவரும் பேசவில்லை, நான்கூட.

சொல்ல மறந்தேன்: இரண்டாம் நாள் மாலை கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் அழைத்துப் போனார்கள். ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு. மழித்த இடத்தில் முதல் வாளி விழுந்ததும் நான் போட்ட சத்தம் காணொளியின் கடைசியில் இருக்கிறது.