இ.இ.ஜி. கோடு: எதிலிருந்து எதைக் கழித்தது?

வணக்கம். இன்றைக்கு இ.இ.ஜி. பற்றிப் பேசப் போகிறேன், அதாவது மூளையின் மின் இயக்கத்தைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்வது. இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லாரும் நேராக ஆல்ஃபா, பீட்டா, தீட்டா என்று அலைகளின் பட்டியலுக்குத்தான் ஓடுவார்கள். நான் அதைப் பின்னால் தள்ளி வைக்கிறேன். திரையில் ஓடும் ஒவ்வொரு கோடும் எதிலிருந்து எதைக் கழித்து வந்தது என்று தெரியாமல் அலையின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்து ஒன்றும் ஆகப் போவதில்லை.

அதற்கு முன்னால் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். தலை முழுக்க ஒயர் ஒட்டுகிறார்களே, ஷாக் அடிக்குமோ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அடிக்காது. மூளையைத் தூண்டும் மின்சாரம் எதுவும் உள்ளே போவதில்லை, அங்கே ஏற்கெனவே இருப்பதை அளக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, அங்கே என்ன இருக்கிறது? நரம்பணு என்றதும் அது சுடுகிற சட்டென்ற மின்துடிப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இ.இ.ஜி.யில் தெரிவது பெரும்பாலும் அது இல்லை. அந்தத் துடிப்பு ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் முடிந்துவிடும், ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாக அதற்கு நேரமே கிடைக்காது. நமக்குக் கிடைப்பது, ஒரு நரம்பணுவுக்கு மற்ற நரம்பணுக்களிடமிருந்து செய்தி வந்து சேரும் இடத்தில், அதாவது சினாப்ஸில், உண்டாகும் மெதுவான மின்னழுத்த மாற்றம். பெருமூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில், பிரமிட் வடிவ நரம்பணுக்கள் பக்கம் பக்கமாக, ஒரே திசை பார்த்து அடுக்கியிருக்கின்றன. ஆயிரக்கணக்கில் அவை ஒரே நேரத்தில் ஒரே மாதிரி நடந்துகொண்டால் அந்தச் சின்னச் சின்ன மாற்றங்கள் கூடி வெளியே எட்டிப் பார்க்கும். ஆளுக்கொரு நேரத்தில் நடந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். அதனால் கோடு சின்னதாக இருந்தால் மூளை சும்மா இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம், தீவிரமாக வேலை செய்தும் ஒத்திசைவு இல்லாமல் இருக்கலாம்.

அப்படிக் கூடி வந்ததும்கூட மூளைத் தண்டுவடத் திரவம், மண்டையோடு, தலைத்தோல் எல்லாவற்றையும் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். மண்டையோடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, அதனால் சிக்னல் சிறுத்துப் பரவிக் கலங்கிவிடுகிறது. கடைசியில் நம் கைக்கு வருவது சுமார் 10 முதல் 100 மைக்ரோவோல்ட். இ.சி.ஜி.யில் இதயம் தருவது ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட், அதாவது 1000 மைக்ரோவோல்ட். எப்போது நடந்தது என்பதை இ.இ.ஜி. மில்லிசெகண்ட் துல்லியத்தில் சொல்லும், எங்கே நடந்தது என்று கேட்டால் மழுப்பும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மின்னழுத்தம் என்பது எப்போதுமே இரண்டு புள்ளிகளுக்கு இடையில் உள்ள வித்தியாசம். தலையில் ஒட்டும் ஒவ்வொரு ஒயரின் நுனியில் இருக்கும் உலோகத் தொடுபுள்ளிக்கு எலக்ட்ரோடு என்று பெயர். 'இந்த எலக்ட்ரோடில் 40 மைக்ரோவோல்ட்' என்று யாராவது சொன்னால், எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டு உள்ளீடுகள் இருக்கும், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பெருக்கித் தருவதுதான் அதன் வேலை. அந்த இரண்டாவது புள்ளிக்குப் பெயர் ரெஃபரன்ஸ். கிரவுண்ட் என்று தனியாக இன்னொரு எலக்ட்ரோடும் இருக்கும், அதை ரெஃபரன்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது ஆம்ப்ளிஃபையர் ஒழுங்காக வேலை செய்வதற்காக மட்டும்.

கழிப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. சுவரில் ஓடும் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை முறை ஏறி இறங்கும்) இரைச்சல் இரண்டு எலக்ட்ரோடுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து சேரும், கழித்ததும் போய்விடும். ஆனால் ஒரு எலக்ட்ரோடு தோலோடு நன்றாக ஒட்டி, இன்னொன்று அரைகுறையாக ஒட்டியிருந்தால் அளவு மாறிவிடும், இரைச்சல் அப்படியே கோட்டில் ஏறிவிடும். தலைத்தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பேஸ்ட் வைத்து, இம்பீடன்ஸ், அதாவது அந்த ஒட்டுமிடத்தின் மின்தடை, 5 கிலோ ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று டெக்னீஷியன் ஒவ்வொன்றாகப் பார்ப்பது இதற்காகத்தான். என்னைக் கேட்டால் நல்ல பதிவின் பாதி அந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது.

எந்தெந்த ஜோடியை எந்த வரிசையில் திரையில் காட்டுவது என்ற ஏற்பாட்டுக்கு மோன்டாஜ் என்று பெயர். எல்லாவற்றையும் ஒரே ரெஃபரன்ஸோடு ஒப்பிடலாம், எல்லா எலக்ட்ரோடுகளின் சராசரியோடு ஒப்பிடலாம், அல்லது பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகளைச் சங்கிலியாகக் கோத்துக் கழிக்கலாம், இதற்கு பைபோலார் என்று பெயர். ஒரே நொடி, ஒரே மூளை, மோன்டாஜ் மாறினால் படம் வேறு! ஓர் உதாரணம்: காதை ரெஃபரன்ஸாக வைத்திருக்கிறீர்கள், நோயாளியின் பிரச்சினை காதுக்குப் பக்கத்தில் உள்ள டெம்போரல் பகுதியில் இருக்கிறது. இப்போது காதே அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும். அதைக் கழிக்கும்போது ஒன்றுமே நடக்காத இடங்களில்கூட ஏதோ நடந்த மாதிரி அந்தப் பக்கக் கோடுகள் எல்லாம் ஒன்றாக அசையும். பைபோலார் சங்கிலிக்கு மாற்றிப் பார்த்தால், அடுத்தடுத்த இரண்டு கோடுகளில் ஒன்று கீழேயும் மற்றது மேலேயும் பாய்ந்து ஒன்றை ஒன்று பார்த்து நிற்கும். அந்த இரண்டு ஜோடிக்கும் பொதுவான எலக்ட்ரோடுதான் நாம் தேடுகிற இடம். இதை ஃபேஸ் ரிவர்சல் என்கிறார்கள்.

எலக்ட்ரோடுகளின் பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரோடுகளை எங்கே ஒட்டுவது என்று சொல்லும் 10-20 முறை என்பது மூளை ஆய்வாளர் ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-இல் வெளியிட்ட ஏற்பாடு. மூக்கின் வேர்ப்பள்ளம், பின்மண்டை மேடு, இரண்டு காதுகளுக்கு முன்னால் உள்ள புள்ளிகள், இவற்றுக்கு இடையில் உள்ள தூரத்தை 10, 20 சதவீதங்களாகப் பிரித்து இடம் குறிப்பார்கள். சென்டிமீட்டர் கணக்கு இல்லை என்பதால் குழந்தையின் தலைக்கும் பெரியவர் தலைக்கும் ஒரே முறை பொருந்தும். பெயரில் உள்ள எழுத்து இடத்தைச் சொல்லும்: முன்னால் எஃப் (F), நடுவில் சி (C), பின்னால் ஓ (O), பக்கத்தில் டி (T), மேலே பின்பக்கமாக பி (P). ஒற்றைப்படை எண் இடது, இரட்டைப்படை வலது, நடுக்கோட்டுக்கு எண்ணுக்குப் பதில் இசட்.

இன்னொரு வினோதம், மருத்துவ இ.இ.ஜி.யில் நெகட்டிவ் மேலே, பாசிட்டிவ் கீழே. பள்ளிக்கூடக் கிராஃபுக்கு நேர்தலைகீழ். பழகியவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை, புதிதாக வருபவர்களைத்தான் படுத்தும்.

அப்புறம் அலைகள். 1875-இல் ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன் முயல், குரங்கு மூளைகளில் மின்னோட்டம் இருப்பதைக் கண்டார், மனிதத் தலையில் முதல் பதிவை எடுத்தவர் ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், 1924-இல். எடுத்துவிட்டு ஐந்து வருடம் கழித்துத்தான் வெளியிட்டார், அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கும். கண்ணை மூடியதும் தலையின் பின்பக்கத்தில் வரும் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் தாளத்துக்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தவரும் அவர்தான். கண்ணைத் திறந்தால் அது அடங்கும். 4-க்குக் கீழே டெல்டா, 4 முதல் 8 தீட்டா, 13 முதல் 30 பீட்டா, அதற்கு மேல் காமா.

இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் ஏமாற வேண்டாம். தலையின் நடுப்பகுதியில் மியூ என்று ஒரு தாளம் உண்டு, அதன் வேகம் ஆல்ஃபாவின் வேகம்தான். ஆனால் கண்ணைத் திறந்தால் அது அடங்காது, எதிர்ப்பக்கக் கையை அசைத்தால் மறையும். வேகம் ஒன்று, இடமும் குணமும் வேறு. டெல்டாவும் அப்படித்தான்: ஆழ்ந்த தூக்கத்தில் வந்தால் இயல்பு, முழுதாக விழித்திருக்கும் பெரியவருக்கு ஒரே இடத்தில் விடாமல் வந்தால் மருத்துவர் கவனிப்பார். ஆகவே 'ஆல்ஃபா என்றால் நிம்மதி, பீட்டா என்றால் சிந்தனை' என்கிற வசனத்தை நான் நம்புவதில்லை.

மூளையிலிருந்து வராமல் கோட்டில் நுழைகிற எல்லாவற்றுக்கும் ஆர்ட்டிஃபேக்ட் என்று பெயர். முதல் குற்றவாளி கண். கண்ணின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட பாசிட்டிவ், இமைக்கும்போது கண் லேசாக மேலே உருளும், நெற்றி எலக்ட்ரோடு பாசிட்டிவ் ஆகும், நெகட்டிவ் மேலே என்பதால் கோடு கீழே பெரிதாக விழும். தாடையை இறுக்கினால் தசைச் சிக்னல் அடர்ந்து பீட்டா மாதிரியே வேடம் போடும். வேர்த்தால் கோடு மெதுவாக மிதக்கும். ஃபில்டர் போட்டு இவற்றைக் குறைக்கலாம்தான், ஆனால் வடிகட்டிய தசைச் சிக்னல் வழவழப்பாகி இன்னும் மூளை அலை மாதிரி தோன்றிவிடும். சந்தேகம் வந்தால் ஃபில்டரைத் தளர்த்திப் பாருங்கள், கூட்ட வேண்டாம்.

வலிப்பு நோய் பற்றி ஒரு வார்த்தை. கூர்மையாக 20 முதல் 70 மில்லிசெகண்டில் முடிவது ஸ்பைக், 70 முதல் 200 வரை நீடித்தால் ஷார்ப் வேவ். சில நொடி வெறித்துப் பார்த்து நினைவு தப்பும் ஆப்சன்ஸ் வலிப்பில் நொடிக்கு மூன்று முறை ஸ்பைக்கும் அலையும் மாறி மாறி வரும், வேகமாக மூச்சு வாங்கச் சொல்வது அதை வரவழைத்துப் பார்க்கத்தான். ஆனால் வழக்கமான பதிவு கொஞ்ச நேரம் மட்டுமே ஓடுகிறது. அந்த நேரத்தில் ஒன்றும் வராவிட்டால் ரிப்போர்ட் நார்மல்தான், வலிப்பு நோய் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள்.