முதல் வரைவை யார் படிப்பது?

வணக்கம், நேயர்களே.

எழுத்துப் பயிற்சி வகுப்பில் ஒரு மாணவர் எழுதும் கட்டுரையைப் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவர்தான் படிக்கிறார். அவருக்குப் பாடம் தெரியும். மாணவர் பாதி சொன்னாலும் மீதியைத் தாமே நிரப்பிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சக மாணவரால் அது முடியாது. எழுதியவர் எதைச் சொல்லாமல் விட்டாரோ, சரியாக அங்கேதான் அவர் தடுக்கி நிற்பார். வரைவுக்கு முதலில் அப்படி ஒரு வாசகர் வேண்டும் என்பதே என் கட்சி.

இதனால் எழுதியவருக்குத்தான் லாபம் என்று நாம் நினைக்கிறோம். 2009-இல் கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ரம், வெண்டி பேக்கர் என்ற இரு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் பிறர் வரைவுகளைப் படித்துக் கருத்து சொல்ல மட்டும் பழகினார்கள். மற்றப் பிரிவினர் பிறர் சொன்ன கருத்தை வைத்து வரைவைத் திருத்த மட்டும் பழகினார்கள். பருவ முடிவில், சொந்த எழுத்தில் கூடுதலாக முன்னேறியவர்கள் கருத்து சொன்னவர்களே. அவர்களிலும் தொடக்க நிலையில் இருந்தவர்களுக்கே பலன் அதிகம்.

யோசித்தால் காரணம் விளங்கும். நம் எழுத்தை நாமே படிக்கும்போது, தாளில் இல்லாததையும் மனம் சேர்த்துப் படித்துவிடுகிறது. அடுத்தவர் வரைவில் அந்த வசதி கிடையாது. இடைவெளி பளிச்சென்று தெரியும். அதைக் கண்டுபிடித்துப் பழகிய கண், பிறகு சொந்த வரைவையும் சும்மா விடாது.

ஆனால் தாள்களை மாற்றிக்கொள்ளச் சொன்னால் மட்டும் போதாது. என்ன வரும்? “நன்றாக இருக்கிறது” என்று ஒரு வரி, இரண்டு ஒற்றுப்பிழைத் திருத்தம். நட்பு கெட்டுவிடுமோ என்ற அச்சம் வேறு. எனவே, எழுதியவர் பெயரில்லாத பழைய வரைவு ஒன்றை ஆசிரியர் எடுத்து, வகுப்பே சேர்ந்து அதற்குக் கருத்து எழுதச் செய்ய வேண்டும். நல்ல கருத்து இப்படி இருக்கும்: “நூலகத்தை மூடியதால் மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்கிறாய். எப்படி என்று அடுத்த பத்தியில் தேடினேன். அங்கே கட்டடத்தின் வரலாறு வந்துவிட்டது.” இதில் தீர்ப்பு இல்லை. படித்தவருக்கு என்ன நேர்ந்தது என்பது மட்டும் இருக்கிறது. எழுதியவர் கோபப்படவும் இடமில்லை. எழுத்துப்பிழையைக் கடைசி வரைவுக்குத் தள்ளிவைக்கலாம். நீக்கப்போகும் பத்தியில் சந்தி சரிபார்த்து என்ன பயன்?

கருத்தை வாய்மொழியாகச் சொல்வதைவிட எழுத்தில் தருவது நல்லது. கூச்சமுள்ள மாணவரும் அவசரமின்றி யோசித்துச் சொல்வார். எழுதியவரும் அதை மறுபடி எடுத்துப் பார்க்கலாம். ஒரு வரைவை மூன்று பேராவது படிக்கட்டும். மூவரும் ஒரே இடத்தில் குழம்பினால், அந்த இடத்தைத் திருத்தியே ஆக வேண்டும். ஒருவர் மட்டும் குழம்பினால், முடிவு எழுதியவருடையது. ஏற்காத கருத்தை ஏன் ஏற்கவில்லை என்று அவர் ஓரிரு வரி எழுதித் தரட்டும்.

சக மாணவர்கள் மதிப்பெண் போடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எண் வந்துவிட்டால் கருத்தை யாரும் படிப்பதில்லை. ஆசிரியர் மதிப்பிடும்போது கட்டுரையோடு, அந்த மாணவர் பிறருக்கு எழுதிய கருத்துகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவர் எழுதக் கற்றுக்கொண்ட இடங்களில் அதுவும் ஒன்று.

நன்றி, வணக்கம்.